முதல் வரிசையில் இரண்டு இருக்கைகள்

நகைச்சுவை நிகழ்ச்சிக்குப் போகிறவர்கள் முதல் வரிசையில் உட்காரப் பயப்படுவார்கள். மேடையில் நிற்பவனுக்குப் பேச்சு வறண்டுபோனால் முதல் வரிசைக்காரரிடம்தான் வருவான். சட்டை, தொப்பை, வழுக்கை, கூட வந்திருக்கும் மனைவி என்று ஒன்றையும் விட்டுவைக்க மாட்டான். அதனால் அந்த இருக்கைகள் கடைசிவரை விற்காமல் கிடக்கும். நான் அவற்றைத்தான் எடுத்தேன். ஏன் என்று நீங்கள் திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். மனைவிக்குத் தூரத்தில் இருப்பது சரியாகத் தெரியாது என்று முதலில் சொன்னேன். அதுவும் பொய்யில்லை.

அன்று மேடையில் பேசிய அந்தப் பையன் என்றால் அவளுக்கு உயிர். காய் நறுக்கும்போது எண்ணெய் பாட்டிலில் ஃபோனைச் சாய்த்துவைத்து அவனுடைய வீடியோக்களைத்தான் பார்ப்பாள். பக்கத்து நகரத்துக்கு அவன் வருகிறான் என்று தெரிந்ததும் ரயில், ஒரு நாள் ஹோட்டல், ஞாயிறு மதியக் காட்சி எல்லாவற்றையும் நானே ஏற்பாடு செய்தேன். கல்யாணமான நாளிலிருந்து நானாகக் கிளம்பிய முதல் பயணம் அது. உடனே அவள் என் தங்கையை ஃபோனில் கூப்பிட்டுச் சொன்னாள்.

"உங்கண்ணனுக்கு என்னமோ ஆயிடுச்சு. சினிமாவுக்கே எமர்ஜென்சி கதவு எங்கன்னு பார்த்து டிக்கெட் எடுக்கற மனுஷன், என்னை ஊர் சுத்திக் காட்டக் கூட்டிட்டுப் போறாராம்."

என் வேலை உங்களுக்குத் தெரியும். அலுவலகங்களிலும் மருத்துவமனைகளிலும் சுவரில் சிவப்பாகத் தொங்கும் தீயணைப்பான்களைச் சோதிக்கிறேன். அழுத்தம் காட்டும் முள் பச்சையில் இருக்கிறதா, உள்ளே பொடி கட்டிதட்டிப் போயிருக்கிறதா என்று பார்த்து, கழுத்தில் அட்டை மாட்டிவிட்டு வருவேன். ஊழியர்களுக்குப் பயிற்சியும் கொடுப்பேன். அதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்வேன். ஆபத்து வந்தால் மனிதன் முதலில் ஓடுவதில்லை, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்ப்பான். அவர் சும்மா இருந்தால் இவனும் சும்மா இருப்பான். புகை மூக்கில் ஏறும்போதுகூட அப்படித்தான். யாரும் அதை நம்புவதில்லை, கொட்டாவி விடுவார்கள்.

வீட்டில் என் பெயர் சிலிண்டர். அவள் வைத்த பெயர்தான். அவளுடைய அப்பாவை மருத்துவமனையில் சேர்த்திருந்தபோது டாக்டர் வெளியே வந்து பேசிக்கொண்டிருக்க, நான் தாழ்வாரத்தில் தொங்கிய தீயணைப்புச் சிலிண்டரைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேனாம். மாமனார் பிழைத்து வீட்டுக்கு வந்தார். கதையும் கூடவே வந்தது. என் தங்கை பிள்ளைகள் சிலிண்டர் மாமா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கதை சொல்வதில் அவளுக்கு ஈடு கிடையாது. என் நடை, என் கழுத்து திரும்பும் விதம், மேலாளரிடம் ஃபோனில் "சரிங்க சார்" என்று சொல்லும்போது நான் எழுந்து நிற்பது எல்லாவற்றையும் அப்படியே செய்து காட்டுவாள். கூடியிருப்பவர்கள் வயிற்றைப் பிடித்துக்கொள்வார்கள்.

நானும் நகைச்சுவையாகப் பேசுகிறவன்தான். பலருக்கு அது தெரியாது. நான் ஒன்று சொன்னால் அவள் கொஞ்சம் காத்திருந்து, "முடிஞ்சுதா?" என்று கேட்பாள். அந்தக் கேள்விக்கு எல்லோரும் சிரிப்பார்கள்.

போன வருடம் ஒரு வங்கியில் பயிற்சி. தட்டில் நெருப்பு மூட்டி, ஊசியை உருவி, குழாயை நீட்டி அழுத்தினேன். ஒன்றும் வரவில்லை. யாரோ பயன்படுத்திவிட்டுக் காலியாகத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள். நான் முள்ளைப் பார்க்காமல் எடுத்துவிட்டேன். "பயப்படாதீங்க, இப்ப வந்துடும்" என்று சொல்லிக்கொண்டே அழுத்தினேன். கடைசியில் டீ கொண்டுவந்த பெண் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றி அணைத்தாள். அன்றைக்கு வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொல்லும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் என் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டு ரொம்ப நேரம் தடவிக்கொடுத்தாள். அப்படி ஒருவர் தடவிக்கொடுப்பது எவ்வளவு சுகம் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன்.

அடுத்த வாரம் என் தங்கை புது வீட்டுக்குக் குடிபோனாள். சாப்பாடு முடிந்ததும் என் மனைவி எழுந்து, துடைப்பத்தைக் குழாயாகப் பிடித்துக்கொண்டு, "பயப்படாதீங்க, இப்ப வந்துடும்" என்றாள். என் அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். நான் அழுததையும் சொல்வாளோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அதையும் சொன்னாள். அந்த இடத்தில்தான் சிரிப்பு அதிகம்.

திரும்பி வரும்போது, ஏன் அதைச் சொன்னாய் என்று கேட்டேன். "உங்களைப் பத்திச் சொல்லாம பக்கத்து வீட்டுக்காரரைப் பத்தியா சொல்றது? எனக்கு இருக்கறது நீங்க ஒருத்தர்தானே" என்று சொல்லி என் கையைக் கோத்துக்கொண்டாள். அவளுக்கு என் மேல் பிரியம் உண்டு. அதை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை.

இப்போது அவள் சிரிப்பைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் சத்தமாகச் சிரிக்க மாட்டாள். வாய் திறந்திருக்கும், தோள் குலுங்கும், கை தொடையில் அடித்துக்கொள்ளும், கண்ணில் நீர் வரும், சத்தம் மட்டும் வராது. அவளுக்கு ஆஸ்துமா. கொஞ்சம் அதிகமாகச் சிரித்தால் இழுக்கத் தொடங்கிவிடும். அப்போதும் வாய் திறந்திருக்கும், தோள் குலுங்கும், கை எதையாவது தட்டும். பழகாதவர்களுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு வித்தியாசம் தெரியும். இன்ஹேலரை நாங்கள் பம்பு என்போம். பம்பை இரண்டு தடவை அழுத்தினால் சரியாகிவிடும்.

கிளம்புகிற வாரம் அவளுக்குச் சளி. நெஞ்சில் சத்தம் கேட்கிறது, அலையாமல் இருங்கள் என்று டாக்டர் சொன்னார். போக வேண்டாம் என்று அவளே சொன்னாள். "பம்பு இருக்கு, நான் இருக்கேன், அப்புறம் என்ன?" என்றேன். ரயிலில் எனக்கு ஜன்னல் ஓரம் கொடுத்துவிட்டு, என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டே வந்தாள்.

அரங்கத்தில் ஒரு விதி உண்டு. யாரும் படம் பிடித்து வெளியிடக் கூடாது என்பதற்காக ஃபோன்களை ஒரு பூட்டுப்பையில் போட்டு நம்மிடமே கொடுத்துவிடுவார்கள். வாசலில் இருக்கும் கருவியில் வைத்தால்தான் அது திறக்கும். கைப்பைகளையும் வாங்கி வைத்துக்கொண்டு டோக்கன் தருவார்கள். டிக்கெட் எடுக்கும்போதே இதைப் படித்திருந்தேன்.

"பம்பை மட்டும் எடுத்து உங்க சட்டைப் பையில போட்டுக்கோங்க" என்று சொல்லிவிட்டு அவள் கழிவறைக்குப் போனாள். நான் அவள் கைப்பையை அப்படியே கொடுத்துவிட்டு டோக்கனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

"எடுத்துட்டீங்களா?" என்றாள் வந்ததும்.

"எடுத்துட்டேன்" என்றேன்.

நீங்கள் இதை மட்டும் கோடு போட்டு வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். போடுங்கள்.

அந்தப் பையன் நன்றாகவே பேசினான். பாதியில் எங்களிடம் வந்தான். எனக்கு என்ன வேலை என்று கேட்டான், சொன்னேன். "அக்கா, வீட்ல சார் எப்படி?" என்று மைக்கை அவளிடம் நீட்டினான். அவள் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"இவருக்கு வீட்ல பேரே சிலிண்டர்தான் தம்பி."

அரங்கமே அதிர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். அவன் மேலே கேட்க, வங்கிக் கதையையும் சொன்னாள். அறிமுகமில்லாத அத்தனை பேருக்கு நடுவே, என் குரலிலேயே சொன்னாள். அவன் மேடையில் உட்கார்ந்து தரையைத் தட்டிச் சிரித்தான். தனக்குப் பிடித்தவனையே சிரிக்க வைத்துவிட்ட சந்தோஷத்தில் அவளும் சிரிக்கத் தொடங்கினாள். கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பாக இல்லாமல் போனது. மாறிய இடம் எனக்குத் தெரிந்தது.

அவள் என் பக்கம் கையை நீட்டினாள். உள்ளங்கை மேலே பார்த்து விரிந்திருந்தது. நான் அந்தக் கையைப் பிடித்து விரல்களைக் கோத்துக்கொண்டேன். பின்னால் யாரோ "எவ்வளவு அழகா இருக்காங்க பாரு" என்றார்கள்.

"அக்கா, மூச்சு விடுங்க. டிக்கெட் விலையில மூச்சும் சேர்த்திதான்" என்றான் அவன். எல்லோரும் சிரித்தார்கள். அவள் என் கையை உதறிவிட்டு என் சட்டைப் பையைத் தடவினாள். டோக்கன் தட்டுப்பட்டிருக்கும். என் முகத்தைப் பார்த்தாள். சிரிப்பு மெல்ல அடங்கியது. அவன் மைக்கைத் தாழ்த்திக்கொண்டு கேட்டான்.

"சார், நிஜமாவே அக்காவுக்கு ஒண்ணும் இல்லையே?"

நான் பயிற்சியில் சொல்வேனே, அந்த நேரம் அதுதான். அரங்கத்தில் இருந்த எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். நான் சிரித்துக்கொண்டிருந்தேன். அவன் கையிலிருந்த மைக்கை என் பக்கம் இழுத்துச் சொன்னேன்.

"பயப்படாதீங்க தம்பி. சிலிண்டர் பொண்டாட்டி இல்லையா, காத்து தீர்ந்துபோச்சு. வீட்டுக்குப் போய் நிரப்பிக்கறேன்."

அதற்கு வந்த சிரிப்பை நீங்கள் கேட்டீர்கள். அரங்கத்தின் கேமராவில் பதிவானதை எனக்கும் போட்டுக் காட்டினீர்கள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள் என்று நான் கேட்டபோது என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தீர்கள். அவனுடைய எந்தப் பேச்சுக்கும் அன்று அவ்வளவு சிரிப்பு வரவில்லை. அவனே தலைக்கு மேல் கைதட்டினான். பின்வரிசையில் சிலர் எழுந்து நின்றார்கள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அப்போதும் அவளைக் காப்பாற்றியிருக்கலாம் என்கிறீர்கள். சொல்லியிருக்கலாம். அந்தக் கைதட்டல் முடியட்டும் என்று காத்திருந்தேன். அது சீக்கிரம் முடிகிறதாக இல்லை.

பிறகு பின்னால் இருந்த ஒரு பெண் நர்ஸ் என்று சொல்லிக்கொண்டு வரிசையைத் தாண்டி ஓடிவந்தார். விளக்குகளைப் போட்டார்கள். எல்லோருடைய ஃபோனும் பூட்டுப்பைக்குள் இருந்தது. வாசல் கருவியைச் சுற்றிக் கூட்டம் முட்டி மோதியது. பையை வாங்கிவர நானே போனேன். கவுன்டரில் நின்று பேன்ட் பைகளில் எல்லாம் டோக்கனைத் தேடினேன், சட்டைப் பையைக் கடைசியாகத்தான் பார்த்தேன். நான் பம்போடு திரும்பியபோது நர்ஸ் என்னிடமிருந்து அதை வாங்கிக்கொள்ளவில்லை.

ஆமாம், நான்தான் செய்தேன். சளியோடு அழைத்துப்போனது, பம்பை விட்டுவந்தது, கையைப் பிடித்துக்கொண்டது எல்லாம் நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். ஆனால் பிரேதப் பரிசோதனை செய்த டாக்டர் எழுதியிருப்பதில் ஒன்று தவறு, அதைத் திருத்திக்கொள்ளுங்கள். மூச்சுத் திணறலில் அவள் உதடுகள் இழுத்துக்கொண்டு அப்படி நின்றுவிட்டன என்று எழுதியிருக்கிறார். அவர் அவளுக்கு அவ்வளவு பக்கத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. நான் சொன்ன நகைச்சுவைக்குத்தான் அவள் சிரித்தாள்.