மீன்கொத்திக்காக வளைந்த ஓடை

ஓடைக்கரையில் பந்தல் போட்டு, ஊரையே ஓரிடத்தில் உட்கார வைத்து, இந்த விழாவுக்குத் தலைமை ஏற்றிருக்கும் எங்கள் ஊராட்சி மன்றத் தலைவர் வேண்டா அம்மையார் அவர்களே, காட்டு உயிர்களைப் படித்தவர்களுக்கு ஓடையைப் படிக்கக் கற்றுக்கொடுத்த பயிற்சியாளர் முனைவர் ருக்மிணி அவர்களே, பைனாகுலரோடு வந்து மண்வெட்டியோடு திரும்பும் ஆய்வாளர்களே, வரப்பிலிருந்து நேராக வந்திருக்கும் பெரியோர்களே, அடுப்பை அணைத்துவிட்டு வந்த தாய்மார்களே, அணைக்காமல் வந்து நடுநடுவே எழுந்து ஓடுகிற தாய்மார்களே, என் வகுப்புத் தோழியரே, உங்கள் அனைவருக்கும் பதினோராம் வகுப்பு ஜெயப்பிரியாவின் வணக்கம்.

கடைசி வரிசையில் கையை ஆட்டுகிறார்கள். கேட்கவில்லையாம். மைக்செட் அண்ணா, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இப்போது கேட்கிறதா? நல்லது. கடைசி வரிசைக்குக் கேட்டே ஆக வேண்டும். அங்கேதான் என் அப்பா அப்பாசாமி உட்கார்ந்திருக்கிறார். இன்று அவர் ஒரு பதில் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பதிலுக்காகத்தான் தலைவர் அம்மாவும் காத்திருக்கிறார்.

எங்கள் ஓடைக்கு என்ன பெருமை? பாட்டில் பாடப்பட்டதா? படத்தில் காட்டப்பட்டதா? இல்லை. ஏரிக் கலங்கலில் வழிந்து, எங்கள் ஊரைச் சுற்றி, புதுப்பட்டினம் பக்கம் உப்பங்கழியில் போய்ச் சேரும் ஓடை. சித்திரையில் ஆடு தாண்டும். ஐப்பசியில் ஆள் தாண்ட முடியாது. ஒவ்வொரு மழைக்கும் எங்கள் பள்ளிப் பக்கத்துக் கரையைக் கடித்துக் கடித்துத் தின்றது. முதலில் வேலி போனது. பிறகு வேப்பமரம் போனது. அடுத்தது சைக்கிள் கொட்டகை என்று எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

கான்கிரீட் சுவர் எழுப்பி, ஓடையைக் கோடு போட்டதுபோல நேராக்கிவிடலாம் என்று ஊராட்சியில் சொன்னார்கள். அப்போதுதான் ருக்மிணி அம்மா வந்து, "ஒரு கோடைக்காலம் மட்டும் கொடுங்கள்" என்று கேட்டார். காட்டு உயிர்களை ஆராயும் இளைஞர்களுக்கு ஓடையைச் சீரமைக்கப் பயிற்சி கொடுக்க ஓர் ஓடை வேண்டும். எங்களுக்கு ஓடையைச் சீரமைக்க ஆள் வேண்டும். பொருத்தம் பார்த்தாயிற்று.

ஆய்வாளர்கள் வந்து இறங்கியதும் புலி பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று ஊரில் பேச்சு. டீக்கடை வசந்தா அக்கா கேட்டே விட்டார்.

"இன்னாம்மா, நம்ம ஓடையில புலி கிலி கீதா?"

"நண்டு இருக்குக்கா" என்றார் ஆய்வாளர் மானசா அக்கா.

"நண்டுக்கா இவ்ளோ படிப்பு படிச்சே?"

வசந்தா அக்கா சிரிக்கிறார் பாருங்கள். நான் கூட்டிச் சொல்லவில்லையே, அக்கா?

அந்த இளைஞர்களுக்குத் தவளையைக் குரலில் தெரியும், பாம்பைச் சட்டையில் தெரியும். தண்ணீரைத்தான் தெரியாது. முள்மரக் கிளையில் ஒரு பிளாஸ்டிக் பை தொங்கியது. "இது என்ன?" என்று ருக்மிணி அம்மா கேட்டார். "குப்பை" என்றார்கள். "போன வருஷ வெள்ளத்தோட உயரம்" என்றார் அவர். அன்றைக்குப் பள்ளி விட்டு வந்துகொண்டிருந்த நானும் அண்ணாந்து பார்த்தேன். அந்தப் பை என் தலைக்கு மேலே தொங்கியது. தினமும் பார்த்த பைதான். அன்றுதான் பயந்தேன்.

கரையைச் சரிவாக வெட்டி, வெட்டிவேர் நடுவது என்று திட்டம். ஏசுதாஸ் அண்ணன் ஜேசிபியோடு வந்தார். அதன் கை உயர்ந்தது. உயர்ந்த கை இறங்குவதற்குள் மானசா அக்கா ஓடிப்போய் அதன் முன்னால் நின்றுவிட்டார்.

ஏசுதாஸ் அண்ணன் தலையை நீட்டி, "இன்னா மேடம், போட்டோ எடுக்கணுமா?" என்றார்.

மானசா அக்கா கரையில் ஒரு பொந்தைக் காட்டினார். அந்த நேரம் பார்த்து நீலமாக ஒன்று பறந்து வந்து, அலகில் ஓணானோடு பொந்துக்குள் நுழைந்தது. மீன்கொத்தி. உள்ளே குஞ்சுகள்.

அவ்வளவுதான். மண்வெட்டிகள் கீழே விழுந்தன, பைனாகுலர்கள் மேலே எழுந்தன. ஓடையைச் சீரமைக்க வந்தவர்கள் நொடியில் மறுபடியும் பறவை பார்க்க வந்தவர்களாகிவிட்டார்கள். எத்தனை முறை இரை வருகிறது, எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று எழுதத் தொடங்கிவிட்டார்கள். ஏசுதாஸ் அண்ணன் வண்டியை நிறுத்திவிட்டு நாஸ்தா சாப்பிடப் போய்விட்டார்.

ருக்மிணி அம்மா கேட்டார்: "எழுதியாச்சா? சந்தோஷம். மழை வந்தா கரையோட சேர்ந்து பொந்தும் போகும். அதை யார் எழுதப் போறீங்க?"

பெரியோர்களே, எண்ணத் தெரிந்தால் போதுமா? எண்ணிய உயிர் அடுத்த ஆண்டும் எண்ணுவதற்கு இருக்க வேண்டாமா? அது தங்க ஓர் இடத்தை அமைக்கத் தெரிய வேண்டாமா? அந்தக் கேள்வியில்தான் பயிற்சி உண்மையில் தொடங்கியது.

கரையை வெட்டக் கூடாது. கரையை விட்டாலும் வெள்ளம் விடாது. அப்படியானால் தண்ணீரையே கரையை விட்டுத் தள்ளிக் கொண்டுபோக வேண்டும். எதிர்ப்பக்கம் ஓடையின் பழைய தடம் ஒன்று மண் மூடிக் கிடந்தது. யார் நிலத்தில்? என் அப்பாவின் வேர்க்கடலைக் கொல்லை மூலையில்.

என் அப்பாவின் குரல் உங்களுக்குத் தெரியும். அவர் கொல்லையிலிருந்து கூப்பிட்டால் ரோட்டில் போகிற பஸ் நிற்கும். ஆய்வாளர்கள் அங்கே அளந்து அடித்த முளைக்குச்சிகளைப் பார்த்ததும் அந்தக் குரலோடு வந்தார். வாயைத் திறந்தார். ஆய்வாளர்கள் அத்தனை பேரும் உதட்டில் விரலை வைத்தார்கள். தாய்ப்பறவை இரையோடு மின்கம்பியில் உட்கார்ந்து, உள்ளே போகப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தது. என் அப்பா அதைப் பார்த்தார். குரலை இறக்கினார். ஆனால் கோபத்தை இறக்கவில்லை.

எங்கள் ஊர் வரலாற்றிலேயே முதன்முறையாக ஒரு வரப்புச் சண்டை கிசுகிசுப்பாக நடந்தது.

"யாரக் கேட்டு என் கொல்லையில குச்சி அடிச்சிகினு கீறீங்க?"

"உங்களைக் கேக்கத்தான் நிக்கிறோம்ண்ணா" என்றார் மானசா அக்கா.

"கடலைக்கு யாரு பதில் சொல்றது? குருவியா?"

"கொஞ்சம் மெதுவா, அண்ணா."

"இதுக்கு மேல மெதுவா பேசினா எனக்கே கேக்காதும்மா."

என் சித்தப்பா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு, "அண்ணே, திட்டிகினு கீறியா, ஜோசியம் சொல்லிகினு கீறியா?" என்றார்.

சிரியுங்கள், சிரியுங்கள். ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். கத்தும்போது நம் குரல்தான் நமக்குக் கேட்கிறது. கிசுகிசுக்கும்போது கிட்டே வர வேண்டியிருக்கிறது, குனிய வேண்டியிருக்கிறது, அடுத்தவர் முடிக்கும் வரை பொறுக்க வேண்டியிருக்கிறது. கிட்டே வந்து கேட்டதும் அப்பாவே சொன்னார்: "அந்த மூலையில கடலை எப்பவும் அழுகித்தான் பூடுது." மானசா அக்கா சொன்னார்: "அது இன்னும் ஓடையாத்தான் இருக்குண்ணா."

அப்பா குனிந்து அந்த மூலை மண்ணை ஒரு பிடி அள்ளிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "ஒரு மழைக்குத்தான். மாசி வரைக்கும். கொல்லைய ஓடை தின்னுச்சுன்னா நானே மண்ணத் தள்ளி மூடிடுவேன்."

மாமல்லபுரத்துச் சிற்பக் கூடங்களில் மிஞ்சிய கற்கள் வந்தன. பாதியில் கைவிட்ட யானைச் சிலையின் கால் ஒன்றும் வந்தது. அதன் நகத்துக்கடியில் இன்று நண்டு குடியிருக்கிறது. பழைய தடத்தைத் தோண்டினோம், கல்லை அடுக்கினோம், கழியை நட்டோம், கரையைக் காத்தோம். குஞ்சுகள் பறந்தன. மழை வந்தது. பொங்கிவந்த வெள்ளம் கல்லில் மோதித் திரும்பி, வளைவில் தவழ்ந்து, வேகம் தணிந்து போனது. சைக்கிள் கொட்டகை நிற்கிறது. அந்தப் பொந்தும் அப்படியே இருக்கிறது.

ஆனால் அப்பாவின் கொல்லையில், கேட்டதைவிட ஒரு பாத்தி கூடவே போனது. அதை மறைத்துப் பேச எனக்கு இந்த மேடை வேண்டாம். அப்பா கொடுத்த தவணையும் இந்த மாசியோடு முடிகிறது. உப்பங்கழி வரை மீதி ஓடையையும் இப்படியே வளைய விடுவதா, சுவர் எழுப்பி அடைப்பதா என்று இன்று தலைவர் அம்மா அறிவிக்க வேண்டும். கீழ்க்கரை நிலக்காரர்கள் ஒரே வார்த்தைதான் சொல்கிறார்கள்: "அப்பாசாமி விட்டா நாங்களும் விடறோம்."

காலையில் அப்பாவிடம் கேட்டேன். "மேடையில கேளு. ஊரு முன்னால சொல்றேன்" என்றார்.

கேட்கிறேன். தண்ணீருக்கு வழி விட்டவர்கள் தோற்றவர்களா? ஒரு பாத்தியைக் கொடுத்து ஒரு பள்ளியைக் காத்தவர் இழந்தவரா? நாளை இந்த இளைஞர்கள் எந்த ஓடைக்குப் போனாலும், அங்கே கோபத்தோடு வரும் ஒரு நிலக்காரரிடம், "எங்கள் ஊர் அப்பாசாமி அண்ணன்" என்று பேச்சைத் தொடங்க வேண்டாமா? அப்பா, ஊர் முன்னால் கேட்கிறேன். வளைவு இருக்கட்டுமா? மூடிவிடலாமா?

அப்பா எழுந்து நிற்கிறார்.

ஏன் அப்பா, உதட்டில் விரலை வைக்கிறீர்கள்?

ஓ. மைக்செட் அண்ணா, குறையுங்கள். இன்னும். இன்னும் கொஞ்சம்.

எல்லோரும் மெல்லத் திரும்புங்கள். நாற்காலி சத்தம் வேண்டாம். பந்தலுக்குப் பின்னால், அந்தச் செங்குத்துக் கரையில், பழைய பொந்துக்குப் பக்கத்தில், அலகால் மண்ணைத் தள்ளுகிறது பாருங்கள். புது வீடு கட்டுகிறது.

அப்பா, இதுதான் உங்கள் பதில் என்று எடுத்துக்கொள்ளலாமா?

தலையாட்டுகிறார். தலைவர் அம்மாவும் பார்த்துவிட்டார்.

பெரிய குரலில் வணக்கம் சொல்லித் தொடங்கினேன். சின்னக் குரலில் நன்றி சொல்லி முடிக்கிறேன். கடைசி வரிசைக்குக் கேட்காவிட்டாலும் பரவாயில்லை.

யாரும் கைதட்ட வேண்டாம்.