நரகத்தின் முன்வரிசை

பெருமதிப்பிற்குரிய தலைவர் இராஜசிங்கம் ஐயா அவர்களே, இரவு விருந்தளிக்கும் உணவக உரிமையாளர் நாகூர் மீரான் அண்ணன் அவர்களே, ரப்பர்த் தோட்டத்துப் பால்மரக் காடுகளை விட்டுக் குனோங் ராபாட்டின் குன்றடியில் குடியேறிய பெரியோர்களே, பிள்ளைகளை இடுப்பில் சுமந்தபடி வந்திருக்கும் தாய்மார்களே! இந்த நாடகத்தை இயக்கிய தினேஸ்வரியின் வணக்கம்.

இத்தாலியிலே ஒரு கவிஞன். எழுநூறு ஆண்டுகளுக்கு முன் சொந்த ஊரை விட்டு விரட்டப்பட்டவன். விரட்டப்பட்டவன் என்ன செய்வான்? அழுதானா? பாடினான்! பண்டிதர் மொழியிலா? இல்லை, சந்தையில் மீன் விற்றவள் பேசிய மொழியிலே பாடினான்! நரகத்தைப் பாடினான், அதைத் தாண்டிய மலையைப் பாடினான், சொர்க்கத்தைப் பாடினான். அந்தப் பாட்டைப் படித்துத்தான் ஓவியர் தீட்டினார்கள், சிற்பிகள் செதுக்கினார்கள். நரகம் என்றதும் ஐரோப்பியர் மனத்தில் எழும் படத்தில் பாதி அவன் போட்டது. தோட்டம் விற்கப்பட்டு லயத்து வரிசை வீடுகளை விட்டு வந்த நமக்கு அவன் அந்நியனா?

"நம்ம ஆளு லா!"

ஆகா, கடைசி வரிசையிலிருந்து முத்தம்மா அக்கா! வாழ்க அக்கா!

இன்று நாம் நாடகமாக்கியிருக்கும் அவனுடைய நரகம் ஒன்பது வட்டம். அதனால்தான் நாற்காலிகளையும் வட்ட வட்டமாகப் போட்டோம். பின்னால் இருப்பவர்கள் சின்னப் பாவிகள். முன்னே வர வர ஆழம். மேடையை ஒட்டிய முன்வரிசைதான் பனி உறைந்த பாதாளம். நம்பியவர் கழுத்தை அறுத்த துரோகிகளின் இடம் அது...

தலைவர் ஐயா! ஏன் எழுந்துவிட்டீர்கள்?

"என்னைத் துரோகியெண்டு இருத்திப்போட்டீரோ பிள்ளை? நான் போறன்!"

பழக்கம் ஐயா, பழக்கம்! எந்த விழாவானாலும் பெரியவர்களுக்கு முன்வரிசையில் மெத்தை நாற்காலி போட்டே வளர்ந்த கை, நரகமென்றும் பாராமல் போட்டுவிட்டது. நாகூர் மீரான் அண்ணனும் உங்கள் பக்கத்தில்தானே இருக்கிறார்?

"அதான் இப்படிக் குளுருதா? நான் ஏர்கோன் காத்துன்னு நெனச்சேன்!"

சிரிக்காதீர்கள், பின்வரிசையாரே! ஐயா விளக்கேற்றினால்தான் திரை எழும். அவர் போய்விட்டால், வேலை முடிந்து சிம்பாங் பூலாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் ஓடிவந்து ஒத்திகை பார்த்தவர்கள் அரிதாரத்தோடு வீடு திரும்ப வேண்டும். ஐயா, மிச்சக் கதையைக் கேட்டுவிட்டுப் போங்கள்.

அந்தக் கவிஞன் நரகத்திலிருந்து எப்படி வெளியேறினான்? வந்த வழியே திரும்பினானா? இல்லை! காவலரைக் கெஞ்சினானா? இல்லை! அந்தப் பனிப் பாதாளத்தின் அடியில்தான் வழி இருந்தது. நுழைந்தான், ஏறினான், தலைக்குமேல் விண்மீன்களைக் கண்டான்! எல்லாம் இழந்து வந்து, பிள்ளைகளைப் படிக்கவைத்து நிமிர்ந்த நம் கதையும் அதுதானே? ஐயா, இந்த மண்டபத்திலேயே விண்மீனுக்குப் பக்கத்தில் இருப்பது உங்கள் நாற்காலி. வேண்டாமென்றால் முத்தம்மா அக்காவுக்குக் கொடுங்கள்.

"நான் வாரேன்! ஐயா, நீங்க பின்னால போங்க லா!"

பாருங்கள், பாருங்கள்! ஐயா உட்கார்ந்து நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டார்!

"இது என்ர இடம். ஒருத்தருக்கும் தரமாட்டன். விளக்கைக் கொண்டு வாங்கோ!"

விளக்கு வருகிறது. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், பெருந்தன்மையாக உட்கார்ந்த ஐயாவுக்கும் என் நன்றி. அனைவரையும் நரகத்துக்கு அன்போடு வரவேற்கிறேன். வணக்கம்!