சேமிக்காத நாலரை மணி நேரம்

இல்லம்மா, நீங்க ஜன்னலோரமே உக்காருங்க. எனக்கு ஒரு இடத்துல உக்கார முடியல, அவ்வளவுதான். அடுத்த ஸ்டாப் பள்ளிக்கூடமா? அதுக்கு அடுத்ததா. சரி சரி. வெள்ளத்துல வீடு போனவங்கள அங்கதான் தங்க வெச்சிருக்காங்களாம்.

டாக்டரா, நானா? கழுத்துல அட்டை தொங்குறதப் பார்த்துக் கேக்குறீங்களா. நான் கம்ப்யூட்டர் வேலைம்மா. வெள்ளம் வந்தப்ப ஒரு வெப்சைட் போட்டாங்கல்ல, நான் பத்திரமா இருக்கேன், இன்னாரத் தேடுறேன்னு ஜனங்க பதிவு போட்டாங்களே, அதோட சர்வர் என் பொறுப்பு.

ஆமா, அதேதான். நடுவுல பதிவெல்லாம் காணாமப் போச்சே, அந்த சைட்தான். உங்க பக்கத்து வீட்டுக்காரங்க ரெண்டு தடவ போட்டாங்களா. அவங்ககிட்ட நான் மன்னிப்பு கேட்டேன்னு சொல்லுங்க. மெஷின் தப்பு இல்லம்மா அது. என் தப்பு.

எப்படின்னா, ஹோட்டல்ல பரிமாறுறவரு இருக்காருல்ல, எந்த மேஜைக்கு என்னன்னு மனசுலயே வெச்சிருப்பாரு. ஒவ்வொண்ணா எழுதிட்டு நின்னா வேல ஓடாது. எங்க சாப்ட்வேரும் அப்படித்தான். வர்ற பதிவ எல்லாம் மெமரியில வெச்சுக்கும், அதான் கேட்ட உடனே பதில் வருது. ஆனா கரண்ட் போச்சுன்னா மெமரி மொத்தமும் காலி. அதுக்காக அஞ்சு நிமிஷத்துக்கு ஒருக்கா எல்லாத்தையும் டிஸ்க்ல காப்பி எழுதி வெக்கும். எழுதும்போதும் வேல நிக்காது. தன்னப் போலவே இன்னொண்ண உண்டாக்கி, நீ எழுதுன்னு அத ஒரு பக்கம் உக்கார வெச்சிட்டு, இது பாட்டுக்கு ஜனங்களுக்குப் பதில் சொல்லிட்டிருக்கும்.

அன்னைக்குக் காலையில பத்து மணிக்கு டிஸ்க் ரொம்பிடுச்சு. அவனவன் போட்டோவா ஏத்தித் தள்ளிட்டான். காப்பி எழுத எடமில்ல. அப்ப இந்த சாப்ட்வேர் என்ன பண்ணும் தெரியுமா? புதுசா எதையும் வாங்காது. பத்திரப்படுத்த முடியாதத வாங்க மாட்டேன்னு அப்படியே நின்னுடும். நல்ல புத்திதான். ஆனா வெளியில ஜனங்க தவிக்கிறாங்களே. மேனேஜர் போன் மேல போன். மொட்டை மாடியில நிக்கிறவங்க பேரக்கூடப் போட முடியலயாம், எதையாவது பண்ணித் தொலைங்கிறாரு. நான் அந்தத் தடைய எடுத்து விட்டேன். ஒரே ஒரு வரிதான். சேமிக்க முடியலன்னாலும் பரவால்ல, வாங்கிக்கோன்னு.

சைட் ஓட ஆரம்பிச்சுது. ரூம்ல கை தட்டினாங்கம்மா. டிஸ்க்க அப்புறம் காலி பண்ணிக்கலாம்னு இருந்தேன். எங்க, ஒண்ணு மாத்தி ஒண்ணு வந்துட்டே இருந்துச்சு. மத்தியானம் ரெண்டரைக்கு ஜெனரேட்டர் ரூமுக்குள்ள தண்ணி பூந்து எல்லாம் அணைஞ்சுது. திரும்ப ஓட விட்டா, டிஸ்க்ல இருந்த அந்தப் பத்து மணிக் காப்பியத் தூக்கிட்டு வந்து நிக்குது. நாலரை மணி நேரம், ஆறாயிரத்துச் சொச்சம் பேர், போட்ட தடமே இல்ல.

மேனேஜர்கிட்ட நானே போய்ச் சொன்னேன். திட்டல. கொஞ்ச நேரம் கண்ணாடியத் தொடச்சிட்டே இருந்தாரு. அப்புறம் முகாமுக்கு முகாம் ஆள் அனுப்பி மறுபடி எழுதி வாங்கிட்டு வரச் சொன்னாரு. பாதிப் பேர் அவங்களாவே திரும்பப் போட்டாங்க. அந்த வேல போன வாரமே முடிஞ்சுது.

இல்லம்மா, இன்னைக்கு ஆபீஸ் அனுப்பல. லீவு போட்டுட்டு வந்திருக்கேன். மொத்தம் பதினாறு முகாம், ஒம்போது பார்த்தாச்சு.

யாரத் தேடுறேனா? தம்பிய. கூடப் பொறந்தவன். ஏழு வருஷமா பேச்சுவார்த்தை இல்ல. அப்பா செத்தப்ப அவன் வரல, இனிமே என் வாசப்படி மிதிக்காதன்னு நாந்தான் சொன்னேன். அப்புறம் அவன் நம்பர் மாத்திட்டான், நான் வீடே மாத்திட்டேன். அன்னைக்கு ஒன்றரை மணி இருக்கும், பதிவெல்லாம் ஒழுங்கா விழுதான்னு ஸ்கிரீனப் பார்த்துட்டிருந்தேன், அவன் பேர் வந்துச்சு. பள்ளிக்கூடத்துல இருக்கேன், அக்காவத் தேடுறேன்னு. என் முழுப் பேரு, கீழ அவன் நம்பர். எந்தப் பள்ளிக்கூடம்னு போடல.

எழுதிக்கலம்மா. பக்கத்துலயே பேனா இருந்துச்சு, எழுதிக்கல. இப்பத்தான் அக்கா ஞாபகம் வந்துச்சாக்கும், கொஞ்சம் தவிக்கட்டும், சாயங்காலம் பேசிக்கலாம்னு அடுத்த பக்கத்துக்குப் போயிட்டேன்.

நீங்களும் அதான் சொல்றீங்க. எல்லாரும் அப்படித்தான் சொல்றாங்க, அவனும் திரும்பப் போடுவான்னு. பதினோரு நாளாச்சு, போடல. முகாமுக்குப் போன எங்க ஆளுங்ககிட்டயும் அவன் பேர் குடுக்கல. பதிவு அழிஞ்சிடுச்சுன்னு சைட்ல நாங்க எழுதித்தான் வெச்சோம், அதப் படிக்கவாவது அவன் உள்ள வரணுமில்ல. அக்கா பார்த்துட்டும் சும்மா இருந்துட்டாளேன்னு நெனச்சு விட்டிருப்பான். அவன் நெனச்சது தப்புன்னும் என்னால சொல்ல முடியாதும்மா. பார்த்தேனே.