கைப்பிடி வெச்ச மிஷின்

மாமியார்: ...இதுல கைப்பிடி இருக்கு பாரு. ஒரு கையில தூக்கிட்டுப் போயிடலாம். இதையே எடு.

மருமகள்: தோல் பை தைக்கத்தானே வாங்குறோம் அத்தை? மிஷினத் தூக்கிட்டு ஊர்வலமாவா போகப்போறோம்?

மாமியார்: போனா என்ன?

கடைக்காரர்: அதுவும் தோல் தைக்கிற மிஷின்தாம்மா. குறை சொல்ல முடியாது. ஆனா...

மருமகள்: பையோட பிடி வந்து சேர்ற இடத்துல தோல் நாலு மடிப்பு வரும்ண்ணே. தாங்குமா?

கடைக்காரர்: மெதுவா ஓட்டினா தாங்கும். மூலை திருப்பத்தான் கஷ்டம். அடிப்பலகை தட்டையா இருக்கில்ல. இந்தப் பெருசப் பாருங்க, யானை தும்பிக்கை மாதிரி நீட்டிக்கிட்டு நிக்குது. சட்டையில கைய விடற மாதிரி பைய அதுல மாட்டிச் சுத்திச் சுத்தித் தைக்கலாம்.

மருமகள்: இதுதான் வேணும். பழசு மூலைக்கு வந்தாலே தையல விட்டுட்டுப் போகுது. துணின்னா பிரிச்சுத் தைக்கலாம். தோல்ல ஊசி இறங்கினா ஓட்டை ஓட்டைதான். போன மாசம் மட்டும் மூணு பை வீணாப்போச்சு.

மாமியார்: இது என்ன கனம் இருக்கும்?

கடைக்காரர்: மேசை, மோட்டாரோட சேர்த்தா நாலு ஆள் வேணும்.

மாமியார்: அப்ப வேணாம்.

மருமகள்: யாரு அத்தை தூக்கப்போறா? ஜன்னலோரம் ஒரு தடவ போட்டா அப்புறம் அது அசையவே அசையாது.

மாமியார்: அதான் வேணாங்கறேன்.

மருமகள்: காலையிலேர்ந்து ஒரு மாதிரியாவே பேசுறீங்க.

மாமியார்: ஜன்னலோரம் எங்க இடம்? அவன் மேசை கிடக்கு.

மருமகள்: கிடக்கட்டும். அதை ஒட்டிப் போட்டுக்கலாம். அவரு தோல வெட்டி வெட்டி நீட்டுவாரு, நான் வாங்கித் தைப்பேன்ல... அதே மாதிரி.

மாமியார்: என் புள்ள போயி ரெண்டு வருஷமாச்சும்மா.

மருமகள்: தெரியும்.

கடைக்காரர்: நான்... டீ சொல்லிட்டு வரேன். நீங்க பேசிட்டு இருங்க.

மாமியார்: போன வாரம் ஜிப்புக்காரர் வந்தப்ப உங்கிட்ட என்ன கேட்டாரு?

மருமகள்: எந்த ஜிப்புக்காரர்?

மாமியார்: நம்ம வீட்டுக்கு எத்தனை ஜிப்புக்காரர் வராங்க?

மருமகள்: போன தடவ குடுத்த ஜிப்பு நல்லா ஓடுதான்னு கேட்டாரு.

மாமியார்: அதுக்கா அவ்வளவு நேரம் அழுதே?

மருமகள்: யாரு அழுதா?

மாமியார்: நான் சமையலறையிலதான் இருந்தேன். எனக்கு ஒரு காதுதான் மந்தம்.

மருமகள்: அப்ப நான் சொன்ன பதிலும் கேட்டிருக்குமே.

மாமியார்: கேட்டுச்சு. கல்யாணம் பண்ணிக்கலாமான்னாரு. முடியவே முடியாதுன்னே. ஆனா அதுக்கு முன்னாடி ஏதோ சொல்லிச் சிரிச்சே பாரு... அவன் போனப்புறம் உன் சிரிப்ப அன்னிக்குத்தான் கேட்டேன்.

மருமகள்: அதான் கைப்பிடி வெச்ச மிஷினக் கையில குடுத்து என்னை அனுப்பிடலாம்னு பாக்கறீங்க.

மாமியார்: அவரு வீடு மாடியில. படி ரொம்பக் குறுகல். பெருசு ஏறாது.

மருமகள்: உங்களுக்கு எப்படித் தெரியும்?

மாமியார்: போய்ப் பார்த்தேன். செவ்வாய்க்கிழமை கண் டாக்டர்கிட்ட போறேன்னேன்ல...

மருமகள்: அத்தை!

மாமியார்: வீட்ட சுத்தமாத்தான் வெச்சிருக்காரு. வெளிச்சமும் நல்லா வருது.

மருமகள்: நான் போயிட்டா உங்களுக்கு யாரு இருக்கா? எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடி, எது பின்னாடின்னுகூடத் தெரியாது உங்களுக்கு.

மாமியார்: எழுதி செவுத்துல ஒட்டிட்டுப் போ.

மருமகள்: முடியாது. அவருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்.

மாமியார்: என்ன வாக்கு?

மருமகள்: ஆஸ்பத்திரியில, கடைசி நாள். உங்கள தண்ணி கொண்டுவரச் சொல்லி அனுப்பிட்டு என் கையப் புடிச்சாரு. 'அம்மாவத் தனியா விட்டுடாதே'ன்னாரு. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னுதான் இருந்தேன். பாரமா இருக்கோம்னு நெனச்சுப்பீங்க.

மாமியார்: ஐயோ, என் புள்ள...

மருமகள்: அழாதீங்க. கடைக்காரர் வந்துடப்போறாரு. அதுக்காக மட்டும் நான் உங்களோட இருக்கல... அத்தை, இங்க பாருங்க.

மாமியார்: நீ மருந்து வாங்கப் போனப்ப என் கையையும் புடிச்சான்.

மருமகள்: என்ன... என்ன சொன்னாரு?

மாமியார்: 'அவ சின்னப் பொண்ணும்மா, எனக்காக அவள உக்கார வெச்சுடாதே. நல்லவனாப் பார்த்து நீயே முடிச்சு வை'ன்னான். சரின்னு தலையாட்டினேன். வீட்டுக்கு வந்தா, நீ அழுதுக்கிட்டே எனக்குத் தட்டு எடுத்து வெக்கறே. நாளைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம்னு... ரெண்டு வருஷம் வாயத் தொறக்கல. சொன்னா நீ போயிடுவியோன்னு பயந்துட்டேம்மா.