மைத்துனன் முதுகில் மூன்று முறை

மாமா, ஒரு மிக்ஸி வாங்குவதென்றாலும் நான் மூன்று கடை ஏறி இறங்கித்தான் வாங்குவேன். உங்கள் வீட்டு மிக்ஸி நான் பார்த்து வாங்கியதுதான். ஒன்பது வருடமாக ஓடுகிறது. ஆத்திரத்தைக் கொஞ்சம் ஓரமாக வைத்துவிட்டு இதைப் படியுங்கள்.

என் நெஞ்சில் இடப்பக்கம் ஒரு பெண்ணின் பெயர் பச்சை குத்தியிருக்கிறது. கல்யாணத்துக்கு முந்தைய சமாசாரம். செத்துப்போன என் அத்தையின் பெயர் என்று உங்கள் மகளிடம் ஏழு வருடம் சொல்லிவந்தேன். இரண்டு வருடத்துக்கு முன் அந்த அத்தை இரண்டு பெட்டியோடும் வேறொரு பெயரோடும் வீட்டுக்கு வந்து, ஒரு வாரம் தங்கிவிட்டுப் போனார். உங்கள் மகள் அழுதாள். லேசரில் அழித்துவிட்டு வந்து என்னோடு பேசுங்கள் என்றாள். நியாயமான பேச்சு. நான் மறுக்கவே இல்லை.

விசாரித்ததில் மூன்று இடம் தேறியது. தோல் டாக்டரிடம் பழைய மெஷின், ஆனால் கைப்பழக்கம் அதிகம். பெரிய கிளினிக்கில் புது மெஷின். மையை இன்னும் பொடியாக உடைக்குமாம். தையல் கடை மாடியில் ஓர் அழகு நிலையம். அங்கே முடி, மரு, பச்சை எல்லாவற்றுக்கும் ஒரே மெஷின். ஒழுங்காக ஒப்பிட வேண்டுமென்றால் ஒரே தோல், ஒரே மை, ஒரே எழுத்து வேண்டும். என்னிடம் ஒரு பெயர்தான் இருந்தது.

உங்கள் மகனிடம் முதுகு இருந்தது. நீச்சல் சொல்லிக்கொடுக்கிறவன், அகலமான, மாசுமருவில்லாத முதுகு. விஷயத்தைச் சொன்னேன்.

"அக்கா அழறதைப் பாக்க முடியல அத்தான். எங்க வேணாலும் குத்திக்கோங்க" என்றான்.

நான் வற்புறுத்தவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே நாளில், ஒரே ஆளின் கையால், அதே பெயரை மேலிருந்து கீழாக மூன்று முறை குத்த வைத்தேன். ஆறியதும் ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் என்று அனுப்பினேன். அக்காவிடம் மூச்சுவிடக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். ஒரு வருடம் சட்டையோடுதான் நீந்தினான். கேட்டவர்களிடம் வெயில் ஒத்துக்கொள்ளவில்லை என்றான். அது கூரை போட்ட குளம்.

பெரிய கிளினிக்கில் ஆறாவது தடவையில் மேலே இருந்தது சுத்தமாகப் போய்விட்டது. அந்த வெறும் தோலைப் பார்த்து நான் தேம்பித் தேம்பி அழுதேன். உழைப்புக்குப் பலன் கிடைத்தால் யாருக்கும் அப்படித்தான் இருக்கும்.

பிறகுதான் அவனுக்கு நிச்சயித்த பெண் சொல்லாமல் கொள்ளாமல் குளத்துக்கு வந்தாள். அவன் ஈரச் சட்டையைக் கழற்றிப் பிழிந்துகொண்டிருந்தான். யாரோ ஒருத்தியின் பெயர் நடுவில் மங்கலாகவும், கீழே கொப்புளத்தோடு தெளிவாகவும் இருந்தது. மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள்.

உங்கள் கூடத்தில் பஞ்சாயத்து நடந்தது. தம்பி முதுகைப் பார்த்த உங்கள் மகள் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"ரெண்டு பேருக்கும் அவளேதானா? அப்படி என்னதான்டா இருக்கு அவகிட்ட?"

சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு அவன் வாயைத் திறக்கவில்லை. எல்லோரும் திட்டும்போது நான் மட்டும் சும்மா இருந்தால் நன்றாக இருக்காது என்று நானும் திட்டினேன். துரோகி என்றேன். சொல்லச் சொல்ல எனக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது. அவளுக்கும் இவனுக்கும் எத்தனை நாள் பழக்கம் என்றுகூடக் கேட்டேன்.

அப்போதுதான் நீங்கள், "மாப்பிள்ளை, நீங்கதான் எதையும் அலசிப் பாப்பீங்க. இதை எங்க அழிக்கலாம்னு விசாரிச்சுச் சொல்லுங்க" என்றீர்கள். விசாரிக்கவே வேண்டாம், மேலே இருந்தது பெரிய கிளினிக்கில் ஆறே தடவையில் போய்விட்டது என்று சொல்லிவிட்டேன். மேலே ஒன்று இருந்ததே அங்கே யாருக்கும் தெரியாது.

ஆம், நான்தான் குத்த வைத்தேன். நாளைக்கே பெரிய கிளினிக்கில் போய்ப் படுக்கிறேன். என் நெஞ்சு சுத்தமாகிவிடும். அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போய்க் காலில் விழுந்து உண்மையைச் சொல்கிறேன். உங்கள் மகளை மட்டும் அனுப்பி வையுங்கள். அவள்தான் எனக்கு எல்லாம். உங்கள் மகனிடம் ஒன்று சொல்லுங்கள். நடுவில் இருப்பதை அழித்துக்கொள்ளட்டும். கீழே தெளிவாக இருக்கிறதே, அதை யாரும் தொட வேண்டாம். மாதம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போய்விடுவேன்.