எட்டாவது கோப்பை

தலைமை நாற்காலியை நிறைத்து அமர்ந்திருக்கும் சங்கத் தலைவர் எமில் ஸ்டெஃபாயுக் அவர்களே! ஜெபத்தை ஒருமுறை சொல்லிவிட்டுச் சாப்பாட்டு வரிசையில் இருமுறை நின்ற போதகர் டைக் அவர்களே! நம் பனித்தளத்தைக் கண்ணாடியாய் இழைக்கும் ஓரெஸ்ட் அவர்களே! முட்டைக்கோசு இலைச் சுருள் செய்து சுமந்து வந்த பதினோரு தாய்மார்களே! நூற்று நாற்பது கிலோமீட்டர் பனிக்காற்றைப் பிளந்து வந்திருக்கும் லா ப்ரூயேர் அணியின் வெற்றிச் செல்வியர் நால்வரே! அவர்களிடம் தோற்ற நம் வில்லோ பென்ட் அணியின் மூவரே! கதவோரம் கோட்டைக்கூடக் கழற்றாமல் அமர்ந்திருக்கும் நான்காமவளே, சிக்னி ஹால்டர்சனே!

தட்டுகளை எண்ணினேன். ரீமர் வீட்டுக் கைக்குழந்தையோடு அறுபத்து மூன்று பேர். அத்தனை பேருக்கும் ஆண்டவர் பெயரால் என் வணக்கம்!

சிக்னி யார்? ஏழு வயதில் ஜாம் டப்பாவில் தண்ணீரை உறையவைத்து, அதையே பனியில் வழுக்கிவிடும் நம் கர்லிங் ஆட்டத்தின் கல்லாக்கி, முற்றத்துப் பனியில் தள்ளியவள்! ஒன்பது வயதில், கல்லுக்கு முன்னே பனியைத் துடைத்து வழிவிடும் துடைப்பத்தை, தன்னைவிட உயரமானதைத் தூக்கிக்கொண்டு இந்தக் கதவைத் திறந்தவள்! பதினேழு வயதில் மாகாணப் போட்டியில் மூன்றாமிடம் கொண்டுவந்தவள்! அந்தக் குரல்? அதை மறக்க முடியுமா? ஒரு ஞாயிறு நம் போதகர், "உள்ளத்தின் அழுக்கை என்ன செய்வது?" என்று கேட்டு மூச்சு வாங்கினார். பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தவள் துள்ளி எழுந்து, "துடை! துடை! விடாத, அழுத்தித் துடை!" என்று கத்தினாள். போதகர் என்ன சொன்னார்? "இருபது வருஷத்துல இவ்ளோ சரியா யாரும் பதில் சொன்னதில்லம்மா" என்றார்! யார் அங்கே சிரிப்பது? ஓரெஸ்ட்டா? அன்று நீங்களும்தான் தூங்கினீர்கள்.

சரி, போன சனிக்கிழமைக்கு வருகிறேன். இளையோர் மாகாண இறுதி ஆட்டம். கடைசிக் கல். நம் அணித் தலைவி டானா விட்ட கல். எதிர்முனை வட்டத்தின் நடுவில் நின்றால் வெற்றி! கல்லின் வேகம் குறையாதிருக்க, சிக்னி அதன் முன்னால் ஓடிப் பனியைத் துடைக்கிறாள். கல் பாதி வழி வந்திருக்கிறது. சட்டென்று நிமிர்ந்தாள்; கையைத் தூக்கினாள்.

"பட்டுருச்சு, டானா."

"என்னது?"

"என் துடைப்பம் கல்லுல பட்டுருச்சு. லேசாத்தான்."

"சரி. கல்லை எடுத்துரு" என்றாள் டானா. எடுத்தார்கள். தோற்றோம்.

கைதட்டாதீர்கள்! இதற்காகப் புகழ நான் இங்கே ஏறவில்லை. துடைப்பம் பட்ட கல் செல்லாது; பட்டால் பட்டவளே சொல்ல வேண்டும். இந்த ஆட்டத்தில் அது மூச்சு விடுவது மாதிரி. மூச்சு விட்டதற்கா மாலை போடுவார்கள்? நான் ஏறியது திட்டுவதற்கு!

ஆட்டம் முடிந்தால் என்ன வழக்கம்? இரு அணியும் ஒரே மேசை. வென்றவர் வாங்கித் தர, தோற்றவர் குடிக்க வேண்டும். அன்று சமையலறையில் நின்றவள் நான். சுடச்சுட எட்டுக் கோப்பை சாக்லேட் பானம் வைத்தேன். ஏழு காலியானது. எட்டாவது அப்படியே ஆறியது. அவர்கள் தலைவி கோரின் கேட்டாள்: "அவ எங்கம்மா?"

"வண்டில போய் உக்காந்துட்டா."

"கோப்பைய எடுத்துராதீங்க. வருவா."

நாற்பது நிமிடம் காத்திருந்தாள் அந்தப் பெண்! நீ வரவில்லை, சிக்னி. அதன்பின் யார் அழைத்தாலும் எடுக்கவில்லை. உன் அம்மாவிடம், "என்னால மூணு பேரோட வருஷமும் போச்சு. துடைப்பத்த யாருக்காவது குடுத்துரு" என்றாயாம். உனக்கும் இளையோர் பிரிவில் இதுதானே கடைசி வருடம்?

அந்த மூவர் என்ன சொன்னார்கள்? கேட்டேன். "கோவம்தான். கல்லுக்காக இல்ல. அவ பையையும் நாங்கதான தூக்கிட்டு வந்தோம்! உள்ள என்ன, செங்கல்லா?" என்றாள் டானா.

இப்போது செய்தி. லா ப்ரூயேர் அணியில் ஒருத்தி கணுக்காலை உடைத்துக்கொண்டாள். பனித்தளத்தில் அல்ல, வீட்டுப் படியில்! தேசியப் போட்டிக்கு அவர்களுக்கு நான்காவது ஆள் வேண்டும். கோரின் கேட்பது உன்னை. "பரிதாபப்பட்டா கேக்குற?" என்றேன். "பரிதாபமா? அவ துடைச்சா கல்லு பத்தடி கூடப் போகுது! அவளுக்கு எதிரா ஆடி ஆடி எனக்கு முதுகே போச்சு. இனிமே என் பக்கம் துடைக்கட்டும்" என்றாள்.

அன்பர்களே! கல்லை விடுபவள் ஒருத்தி. அதற்கு வழி செய்பவர் இருவர். வட்டத்தில் நின்று வா வாவென்று அழைப்பவள் ஒருத்தி. நால்வர் கை படாமல் இந்த ஆட்டத்தில் வெற்றி உண்டா? இல்லை! அப்படியானால் தோல்வி மட்டும் ஒருத்தியின் சொத்தா? பனியிலே தனியாக வழுக்கி விழலாம்; தனியாகக் காலை உடைக்கலாம்; தனியாகத் தோற்க மட்டும் இந்த ஆட்டத்தில் இடமில்லை! இடமில்லை! இடமே இல்லை!

அதோ, கோரின் பக்கத்து நாற்காலி காலி. அதன் முன்னே எட்டாவது கோப்பை. இப்போதுதான் சுட வைத்தேன்.

பொறுமையாய்க் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. கர்த்தர் உங்களைப் பத்திரமாய் வீடு சேர்ப்பாராக. தேசியப் போட்டிக்கு நான்காமவள் பெயரை வியாழன் மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். சிக்னி, போகிறாயா, இல்லையா? புதன்கிழமைக்குள் பதில் சொல்லம்மா.