வேகவைத்த மண்

மண் வாசனை பிடிக்காதவர்கள் உண்டா என்று கேட்பார்கள். எனக்குப் பிடிக்காது, ஐயா. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

நானும் தங்கச்சியும் சேர்ந்து நாற்றுப் பண்ணை நடத்தினோம். பைன் நாற்றுகள். அவற்றின் வேரில் ஒரு பூஞ்சையைச் சேர்த்து வளர்ப்போம். அது வேர் நுனிகளில் வெள்ளை உறை போட்டதுபோலச் சுற்றிக்கொள்ளும். மரத்திடம் சர்க்கரை வாங்கிக்கொண்டு, பதிலுக்குத் தண்ணீரும் சத்தும் கொடுக்கும். பிறகு மரத்தடியில் காளானாகக் குடை விரிக்க வேண்டும். அந்தக் காளானுக்குத்தான் கிராக்கி. எங்கள் தொட்டிகளில் வேர் வெளுக்கும், நாற்று தளதளவென்று நிற்கும், காளான் மட்டும் தலைகாட்டாது.

மண்ணை வேகவைப்பது என் பொறுப்பு. அப்பா காலத்தில் வேரழுகல் வந்து பண்ணையே படுத்துவிட்டது. அப்பாவும் அதோடு படுத்தவர்தான், எழுந்திருக்கவில்லை. அதற்குப் பிறகு ஒரு பிடி மண்கூட நீராவி அறைக்குப் போகாமல் தொட்டிக்குப் போனதில்லை. ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரத்தில் இரும்பு அறை, வெளியே தாழ்ப்பாள், பக்கத்தில் நீராவிக் குழாயைத் திறக்கும் திருகு. எல்லாம் நானே நின்று கட்டியது.

தங்கச்சிக்கு வாய் சும்மா இருக்காது. "நீ மண்ணைச் சுத்தம் பண்ணலண்ணா, சாகடிச்சுட்டு இருக்கே. பேச்சுத் துணைக்கு ஒரு ஜீவன் இல்லாத இடத்துல காளான் எதுக்கு வெளிய வரணும்?" என்பாள். வேலையாட்கள் சிரிப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன்.

மலைச்சரிவில் ஒரு கிழட்டு மரத்தடியில் அந்தக் காளான் தானாகவே முளைக்கும். அங்கிருந்து அவள் ஒரு சாக்கு மண் கொண்டுவந்தாள். அதிலிருந்த பாக்டீரியாக்களை வகை வகையாகப் பிரித்து வளர்த்து, நான் வேகவைத்த மண்ணில் நின்ற நாற்றுகளுக்குத் தனித்தனியாக ஊற்றினாள். எதுவும் ஊற்றாத தொட்டிகளையும் பக்கத்திலேயே வைத்தாள். ஒரேயொரு வகை ஊற்றிய தொட்டிகளில் காளான் வந்தது. பழுப்பு நிறத்தில், குட்டிக் குட்டியாக. மற்றவை மொட்டையாக நின்றன. எனக்கு வயிறு எரிந்தது என்று நினைக்காதீர்கள். அவளுக்கு முதலில் கைகொடுத்தவன் நான்.

வனத்துறை அதிகாரிகள் பார்க்க வருவதாக இருந்தது. "அவங்க முன்னாடி நீராவி அறையப் பத்திப் பேச வேண்டாம்மா" என்றேன்.

"பேசாம எப்படிண்ணா? இத்தனை வருஷமா காளான் வராததுக்கு அதானே காரணம். தப்புன்னு ஒத்துக்கிட்டா உன் தலையில இருக்கற கிரீடமா இறங்கிடும்?" என்று என் தோளைத் தட்டிவிட்டுப் போனாள்.

அவர்கள் வரும் நாள் காலையில், அவளுடைய சாக்கையும் பாக்டீரியா பாட்டில்களையும் மண் தட்டுகளோடு நீராவி அறைக்குள் வைத்தேன். வெளி மண் உள்ளே வந்தால் வேக வேண்டும், அதுதான் பண்ணை வழக்கம். அவள் பார்த்துவிட்டாள். "என்னண்ணா இது, அநியாயம்" என்று ஓடிவந்து உள்ளே நுழைந்தாள். சாக்கு கடைசி வரிசையில், கனத்த தட்டுகளுக்குப் பின்னால் இருந்தது. வேலையாட்கள் தூரத்தில் தொட்டி அடுக்கிக்கொண்டிருந்தார்கள். நான் கதவைச் சாத்தினேன்.

திருகைத் திறக்கும் முன் "உள்ள ஆள் இருக்கா?" என்று குரல் கொடுப்பது எங்களிடம் கட்டாயம். நான் கொடுத்தேன். அது வேலையாட்கள் காதில் விழுந்தது. அதனால்தான் எல்லாரும் விபத்து என்று நம்பினார்கள். தடித்த இரும்புக் கதவு. உள்ளேயிருந்து வரும் பதில் கதவருகில் நிற்பவனுக்குத்தான் கேட்கும். நீராவி இரையத் தொடங்கினால் அவனுக்கும் கேட்காது.

காளான் வந்த தொட்டிகளிலிருந்து மண்ணெடுத்து, தண்ணீரில் கரைத்து, எல்லா நாற்றுக்கும் ஊற்றினேன். பண்ணை முழுக்கக் காளான். பிறகு வந்த அதிகாரிகளிடம், கண்டுபிடித்தது தங்கச்சி, இந்த முறைக்கு அவள் பெயரையே வையுங்கள் என்று சொல்லி அழுதேன். பொய் அழுகை இல்லை, ஐயா. அவளை நான்தான் தூக்கி வளர்த்தேன்.

இப்போதும் தினமும் மண் வேகவைக்கிறேன். குரல் கொடுக்கிறேன். பதில் வருகிறது. திறந்து பார்த்தால் தட்டுகள் மட்டும் இருக்கின்றன. மூடிவிட்டு மறுபடி கேட்டால் மறுபடியும் அதே குரல். நேற்று திருகில் கை வைக்கவே முடியவில்லை. பயமாக இருக்கிறது. அதனால்தான் நானாகவே காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்தேன்.

அன்றைக்குப் பதில் வந்ததா என்று கேட்கிறீர்கள். வந்தது. "இருக்கேண்ணா, ஒரு நிமிஷம்" என்றாள். சாதாரணமாகத்தான் சொன்னாள், குரலில் துளி பயமில்லை. நான் ஒன்றும் ஈவிரக்கம் இல்லாதவன் அல்ல. தாழ்ப்பாள் போட்டிருந்தேன்தான், ஆனாலும் அவள் கேட்ட ஒரு நிமிடத்தை முழுதாகக் கொடுத்துவிட்டுத்தான் திருகைத் திறந்தேன்.